டோவரின் இரண்டு நிமிடங்கள்: ஒப்பந்தமில்லா பிரெக்சிட் பற்றிய அச்சங்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் பிரிட்டனில் வாக்களித்தவர்களில் 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகச் சொன்னார்கள். இந்த விலகலுக்குத்தான் பிரெக்சிட் என்று பெயர். எப்படி விலகுவது என்று வாக்குச்சீட்டு கேட்கவில்லை. 2017 மார்ச் 29 அன்று அரசு ஒன்றிய உடன்படிக்கையின் 50ஆவது பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்தது. அந்தப் பிரிவு இரண்டாண்டுக் கெடு வைக்கிறது. கெடுவுக்குள் விலகல் ஒப்பந்தம் முடிந்தால் அதன்படி பிரியலாம். முடியாவிட்டால் கெடு தீரும் நொடியில் ஒன்றியத்தின் சட்டங்கள் அந்த நாட்டுக்குச் செல்லாமல் போகும். இதற்கென்று யாரும் தனியாக முடிவெடுக்க வேண்டியதில்லை. நாடாளுமன்றம் கைகட்டி உட்கார்ந்திருந்தாலே போதும், தானாக நடந்துவிடும். 2018 கோடை முதல் மக்களைப் பிடித்தாட்டிய பயத்தின் வேர் இதுதான்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. 2019இல் பேசப்பட்ட ‘ஒப்பந்தம்’ வணிக ஒப்பந்தம் அல்ல. கணக்கைத் தீர்ப்பது, குடிமக்களின் உரிமை, அயர்லாந்து எல்லை, பழைய விதிகளே சிறிது காலம் தொடரும் இடைமாற்றக் காலம் ஆகியவற்றை வகுத்த விலகல் ஒப்பந்தம் அது. அது நிறைவேறாவிட்டால் இடைமாற்றக் காலமும் இல்லை. இரவு 10.59 வரை ஒரே சந்தை, 11 மணிக்கு அந்நிய நாடு. பிறகு 2020 இறுதியில் இரண்டாவது முறை ‘ஒப்பந்தமில்லை’ பயம் வந்தபோது பேசப்பட்டதுதான் வணிக ஒப்பந்தம். இரண்டு பயங்களும் ஒரே பெயரில் புழங்கியதால், இரண்டாவது தீர்ந்ததும் முதலாவதில் சொன்ன எதுவுமே நடக்கவில்லை என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். பாதிதான் உண்மை.

பயம் எங்கிருந்து கிளம்பியது

‘மோசமான ஒப்பந்தத்தைவிட ஒப்பந்தமே இல்லாதது மேல்’ என்று பிரதமர் தெரசா மே 2017 ஜனவரியில் சொன்னபோது அதைப் பேரம் பேசும் உத்தியாகவே பெரும்பாலோர் எடுத்துக்கொண்டார்கள். 2018 ஆகஸ்ட் 23 அன்று நிலைமை மாறியது. ஒப்பந்தமில்லாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று துறைவாரியான தொழில்நுட்பக் குறிப்புகளை அரசு வெளியிடத் தொடங்கியது. முதல் நாளில் மட்டும் 25. அதே நாளில் சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் மருந்து நிறுவனங்களிடம், வழக்கமான கையிருப்புக்கு மேல் இன்னும் ஆறு வாரச் சரக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் நோயாளிகளும் ஒன்றும் சேர்த்துவைக்க வேண்டாம் என்றார்.

இரண்டுமே சரியான அறிவுரைகள்தான். ஆனால் ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டவருக்கு என்ன தோன்றும்? நிறுவனம் சேர்க்க வேண்டும், நான் சேர்க்கக் கூடாது என்றால், தட்டுப்பாடு வரப்போகிறது, அதை என்னிடமிருந்து மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். உலர்த்திய உணவும் நீர் வடிகட்டியும் தீமூட்டும் பசையும் அடங்கிய ‘பிரெக்சிட் பெட்டி’ சுமார் 300 பவுண்டுக்கு விற்பனைக்கு வந்தது இந்தச் சூழலில்தான். அரசு சொல்லாமல் விட்டது ஒரு சின்னக் கணக்கு. மொத்த விநியோகஸ்தர் சேர்க்கும் சரக்கு சங்கிலியின் தலையில் கூடுதலாக வந்து சேர்கிறது. வீட்டில் சேர்க்கும் சரக்கு சங்கிலியின் கடைசியிலிருந்து உருவப்படுகிறது. அங்காடிகளின் அலமாரியும் பின்கிடங்கும் சில நாள் விற்பனையைக் கணக்கிட்டே நிரப்பப்படுபவை. எல்லாக் குடும்பமும் ஒரே வாரத்தில் மூன்று நாள் சாமான் கூடுதலாக வாங்கினால், துறைமுகத்தில் ஒரு லாரிகூட நிற்காத நிலையிலும் அலமாரி காலியாகும். 2020 மார்ச்சில் பிரெக்சிட்டுக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்தால் அப்படி ஆனதை உலகமே பார்த்தது.

இந்த அச்சங்களை எடைபோட மூன்று கேள்விகள் போதும். அந்தப் பொருளைச் சேர்த்துவைக்க முடியுமா? அது வர வேறு வழி உண்டா? அது வந்துசேர மறுகரையில் இருப்பவரின் சம்மதம் வேண்டுமா? பிரிட்டன் தன் பக்கத்துச் சோதனையைத் தானே தளர்த்திக்கொள்ளலாம். பிரெஞ்சுச் சுங்கத்தை அது தளர்த்த முடியாது. அரசின் ஆயத்தங்களில் பெரும்பகுதி முதல் இரண்டு கேள்விகளுக்கான பதில். தொல்லை வந்தது மூன்றாவதிலிருந்து.

தொண்டைக்குழி

பிரான்சுக்கு எதிர்க்கரையில் உள்ள டோவர் துறைமுகம் மட்டுமே நெரிசலான நாளில் இரு திசையிலும் சுமார் 10,000 லாரிகளைக் கடத்திவிடுகிறது; ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் ஓடும் சுரங்க ரயிலும் பக்கத்திலேயே இருக்கிறது. டோவர் செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுக்கும் கடலுக்கும் நடுவே சிக்கிய இடம். ஒன்றிய நாட்டுச் சரக்குக்குச் சுங்க ஆவணமே கிடையாது என்ற நிலையில் வளர்ந்த துறைமுகம் அது. லாரி வரும், ஓட்டுநர் கடவுச்சீட்டைக் காட்டுவார், கப்பல் ஏறுவார். ஒரு லாரிக்கு இரண்டு நிமிடம் கூடினால் 17 மைல், அதாவது ஏறத்தாழ 27 கிலோமீட்டர் வரிசை நிற்கும் என்று துறைமுக நிர்வாகம் சொன்ன கணக்கு எல்லோர் வாயிலும் புரண்டது. மிகை என்று ஒதுக்க முடியாத கணக்கு. 2015 கோடையில் பிரெஞ்சுப் படகுத் தொழிலாளர் போராட்டத்தால் எம்20 நெடுஞ்சாலையே லாரி நிறுத்தமாக மாறியதைக் டோவர் அடங்கிய கென்ட் மாவட்டத்தார் மறந்திருக்கவில்லை.

அதற்கான மாற்றுத் திட்டம்தான் ஆபரேஷன் பிராக். எம்20இல் கடலை நோக்கிய பாதையை லாரிகளுக்கு ஒதுக்கி, மற்ற வண்டிகளை எதிர்ப்பாதையில் இரு திசையும் ஓடவிடுவது. அதுவும் நிரம்பினால் மூடிக்கிடந்த மான்ஸ்டன் விமானத் தளத்தில் சுமார் 6,000 லாரிகளை நிறுத்துவது. 2019 ஜனவரி 7 அன்று மான்ஸ்டனிலிருந்து டோவருக்கு ஒத்திகை ஓட்டம் நடந்தது. வந்தவை 89 லாரிகள். தினம் பத்தாயிரம் ஓடும் பாதைக்கு 89ஐ விட்டுப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும் என்று லாரிக்காரர்களே சிரித்தார்கள்.

வேறு வழி தேடும் வேலை இன்னும் மோசமாகப் போனது. டோவரைச் சுற்றிக்கொண்டு போக மூன்று நிறுவனங்களோடு கூடுதல் கப்பல் சேவைக்கு அரசு ஒப்பந்தம் போட்டது. அதில் ஒன்று, ராம்ஸ்கேட்டிலிருந்து பெல்ஜியத்தின் ஓஸ்டெண்டுக்கு ஓட்டுவதாகச் சொன்ன சீபோர்ன் ஃப்ரெய்ட். ஒப்பந்த மதிப்பு 1.38 கோடி பவுண்டு. அந்த நிறுவனத்திடம் ஒரு கப்பலும் இல்லை. அதன் இணையதள விதிமுறைகள் வீட்டுக்கு உணவு கொண்டுவரும் கடையின் பக்கத்திலிருந்து எடுத்தவைபோல இருந்ததை யாரோ கண்டுபிடித்தார்கள். 2019 பிப்ரவரியில் ஒப்பந்தம் ரத்தானது. முறையான போட்டியில்லாமல் கப்பல் ஒப்பந்தங்களைக் கொடுத்ததற்காகச் சுரங்க ரயிலை நடத்தும் யூரோடனல் நிறுவனம் வழக்குப் போட, மார்ச் 1 அன்று அரசு 3.3 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. அரசே இப்படித்தான் தயாராகிறது என்றால் நாம் என்ன செய்வது என்ற பயத்தை இந்த ஒரு விவகாரம் கிளப்பிய அளவுக்கு எந்தப் பொருளாதார முன்கணிப்பும் கிளப்பவில்லை.

வரிசைக்கு உண்மையான காரணம் லாரிகளின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு லாரிக்குள்ளும் இருக்கும் சரக்கின் கலவை. ஒரே நிறுவனத்தின் ஒரே சரக்கு முழு லாரியாகப் போனால் ஒரு கட்டு ஆவணம் போதும். ஆனால் பத்துப் பதினைந்து சிறு ஏற்றுமதியாளர்களின் சரக்கு ஒரே லாரியில் ஏறுவதுதான் மீன், பாலாடைக்கட்டி, இறைச்சி வியாபாரத்தின் நடைமுறை. அதில் ஒருவரின் தாளில் ஒரு எண் தவறினால் லாரி முழுதும் நிற்கும். மற்ற பதினான்கு பேரின் சரக்கும் குளிர்ப்பெட்டியில் நாள் எண்ணிக்கொண்டிருக்கும். முந்தைய நிலையில் இந்த ஆபத்தே கிடையாது.

ஒரு சிறு நிறுவனம் என்ன செய்ய வேண்டியிருந்தது

ஒன்றிய நாடுகளோடு மட்டுமே வியாபாரம் செய்துவந்த நிறுவனங்கள் பிரிட்டனில் சுமார் 2,45,000. இவற்றில் பெரும்பாலானவை ஆயுளில் ஒரு சுங்க அறிவிப்பைக்கூட நிரப்பியதில்லை. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மளிகைச் சாமான் இறக்கிய லண்டன் தமிழ் வணிகர்கள் இந்த இடத்தில் பெரிய நிறுவனங்களையே முந்தியிருந்தார்கள். அவர்களின் சரக்கு எப்போதுமே சுங்கம் வழியாக வந்ததுதான்.

முதல் படி, ஏற்றுமதி இறக்குமதி செய்பவரைச் சுங்கத்துக்கு அடையாளம் காட்டும் ஈ.ஓ.ஆர்.ஐ எண். ஜிபி என்ற எழுத்துகளும் அதன்பின் 12 இலக்கமும். வாட் பதிவு உள்ளவருக்கு வாட் எண்ணோடு மூன்று சுழியம் சேர்ந்து வரும். விண்ணப்பிக்கப் பத்து நிமிடம், கட்டணமில்லை. அப்படியும் 2019 பிப்ரவரியில் 41,000 நிறுவனங்கள்கூட எடுத்திருக்கவில்லை. ஆகஸ்டில் வரித்துறையே 88,000 நிறுவனங்களுக்குக் கேட்காமலே எண்ணை அனுப்பிவைத்தது. விலகல் நடக்குமா நடக்காதா என்று நாடாளுமன்றமே சொல்லாதபோது, சிறு முதலாளி ஒதுங்கி நின்றதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது.

எண் கிடைத்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. பொருளுக்குச் சுங்கவரிக் குறியீடு கண்டுபிடிக்க வேண்டும்: ஏற்றுமதிக்கு எட்டு இலக்கம், இறக்குமதிக்குப் பத்து. குறியீடு தவறினால் வரி விகிதம் தவறும். வாசல்வரை வரியோடு கொண்டுசேர்ப்பது யார் பொறுப்பு என்று வாங்குபவரோடு எழுதிக்கொள்ள வேண்டும். இதை விட்டவர்களின் பெட்டிகள் பின்னாளில் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தன. பிறகு சுங்க முகவரைப் பிடிக்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 5.5 கோடியாக இருந்த அறிவிப்புகள் 25 கோடியைத் தாண்டும் என்று வரித்துறை கணித்த நேரத்தில் முகவர்கள் எங்கே கிடைப்பார்கள்?

விலங்குப் பொருள் என்றால் ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அதிகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் சரக்கைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். கையொப்பமும் முத்திரையும் அச்சு நிறத்திலிருந்து வேறு நிறத்தில் இருக்க வேண்டும். கறுப்பு அச்சில் கறுப்பு மையால் கையெழுத்துப் போட்டால் நகல் என்று திருப்பிவிடலாம். சான்றிதழ் சரக்கு நுழையும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். எல்லைச் சோதனை நிலையத்துக்கு முன்கூட்டியே இணையவழியில் தகவல் சொல்லியாக வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, பிரிட்டனையே விலங்குப் பொருள் அனுப்பத் தகுதியுள்ள நாடாக ஒன்றியம் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்வரை ஒரு கிலோ கறிகூடப் போகாது. ஒன்றியம் 2019 ஏப்ரலில்தான், கெடுவுக்குச் சில நாள் முன்பு, அதற்குத் தலையசைத்தது.

யாரும் யோசிக்காத ஒன்று சரக்கு அடுக்கும் மரப்பலகை. ஒன்றியத்துக்குள் எந்தப் பலகையும் ஓடலாம். வெளிநாட்டிலிருந்து வரும் மரப்பலகைக்கு ஐ.எஸ்.பி.எம் 15 என்ற பன்னாட்டு விதி உண்டு: மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடேற்றி, கோதுமைக் கதிர் சின்னத்தோடு, சூடேற்றியதைக் காட்டும் எச்.டி முத்திரை குத்தியிருக்க வேண்டும். மரத்தில் குடியிருக்கும் பூச்சியைக் கொல்வதற்கான ஏற்பாடு. பிரிட்டனில் புழங்கிய பலகைகளில் பெரும்பகுதிக்கு அந்த முத்திரை இல்லை. உள்ளே இருக்கும் சரக்கின் தாளெல்லாம் சரியாக இருந்தும் கீழே இருக்கும் பலகைக்காக லாரி திரும்ப வாய்ப்பு இருந்தது.

ஓட்டுநருக்கும் தாள் பஞ்சம். பழைய பன்னாட்டுச் சாலைப் போக்குவரத்து முறையில் பிரிட்டனுக்கு 2019க்குக் கிடைத்த ஆண்டு அனுமதிச் சீட்டு 984. விண்ணப்பங்கள் 11,000க்கும் மேல். கடைசியில் ஒன்றியமே தற்காலிக விதி ஒன்றைப் போட்டு அந்த ஆண்டு முழுதும் பிரிட்டிஷ் லாரிகளை அனுமதிக்க முன்வந்தது. தன் நலனுக்கும் அது தேவையாக இருந்தது.

மருந்து

அச்சங்களிலேயே அதிகம் நியாயமானதும், அதிகம் ஒழுங்காகக் கையாளப்பட்டதும் இதுதான். ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்கு மாதம் 3.7 கோடிப் பொதிகள் மருந்து வந்தன. மருந்து இறக்குமதியில் முக்கால் பங்கு டோவர் பக்கத்துக் குறுகிய கடற்பாதை வழியாகவே வந்தது. ஐரோப்பிய மருந்து முகமை லண்டனைவிட்டு ஆம்ஸ்டர்டாமுக்கு மூட்டை கட்டியதும் இதே நேரத்தில்தான்.

இன்சுலின் விஷயத்தில் பயம் உச்சத்துக்குப் போனது. பிரிட்டனில் பயன்படும் இன்சுலினில் ஏறத்தாழ முழுவதும் டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற இடங்களிலிருந்து வருவது. பிரதமர் மே தாமே முதல் வகை நீரிழிவு உள்ளவர். தாம் போடும் இன்சுலினும் ஒன்றிய நாட்டிலிருந்து வருகிறது என்று அவரே சொன்னார். நோவோ நார்டிஸ்க் ஏழு வாரக் கையிருப்பை 16 வாரமாக உயர்த்தியது. சனோஃபி பத்தை 14 ஆக்கியது. கூடுதல் குளிர்பதனக் கிடங்கை அரசு வாடகைக்கு எடுத்தது. உலகிலேயே அதிகக் குளிர்ப்பெட்டி வாங்குபவன் நானாகிவிட்டேன் என்று ஹான்காக் வேடிக்கையாகச் சொன்னார். கேட்டவர்கள் சிரிக்கவில்லை.

வீட்டில் இன்சுலினைச் சேர்த்துவைக்கலாமா? திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சாதாரணக் குளிர்ப்பெட்டியின் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறையும். ஒருமுறை உறைந்துவிட்டால் இளக்கினாலும் பயனில்லை, பார்வைக்கு வித்தியாசம் தெரியாமலும் இருக்கலாம். பயன்படுத்தத் தொடங்கிய பேனா பெரும்பாலும் நான்கு வாரம்தான். ஆக, நோயாளி மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்கினால் தேசியக் கையிருப்பு நல்ல கிடங்கிலிருந்து மோசமான கிடங்குக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. மருந்துச் சீட்டை வழக்கமான தேதிக்குப் புதுப்பித்து, ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக வாங்கிக்கொள்வதே உருப்படியான அளவு.

தட்டுப்பாடு வந்தால் சமாளிக்க 2019 பிப்ரவரியில் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு மருந்துக்குக் கடும் பற்றாக்குறை என்று அமைச்சர் அறிவித்தால், மருந்தாளர் மருத்துவரிடம் திருப்பி அனுப்பாமல், நெறிமுறையில் சொன்னபடி அளவையோ வடிவத்தையோ மாற்றிக் கொடுக்கலாம். அக்டோபரில் முதன்முதலாக மனச்சோர்வு மருந்தான ஃப்ளுவாக்ஸெட்டினின் சில அளவுகளுக்கு இது பயன்பட்டது. நேரம் மிச்சம்தான், ஆனால் எல்லா மருந்துக்கும் பொருந்தாது. வலிப்புக்கு ஃபெனிடாயினோ கார்பமாஸெபைனோ எடுப்பவர் ஒரே நிறுவனத்தின் மருந்திலேயே தொடர வேண்டும் என்பது மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பழைய அறிவுரை. மூலப்பொருள் ஒன்றே ஆனாலும் இரத்தத்தில் சேரும் அளவு சற்று மாறினால் அடங்கியிருந்த வலிப்பு திரும்பலாம். நடுராத்திரியில் இணையத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வலிப்பு நோயாளிகளின் பயம் மிகை அல்ல.

சேர்த்துவைக்கவே முடியாத மருந்தும் உண்டு. எலும்பு, இதய ஸ்கேன்களுக்குப் பயன்படும் டெக்னீஷியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும். அதைக் கறந்தெடுக்கும் தாய்ப்பொருளான மாலிப்டினம்-99 அறுபத்தாறு மணி நேரத்தில் பாதியாகும். அதைத் தயாரிக்கும் அணு உலை பிரிட்டனில் இல்லை. நெதர்லாந்தின் பெட்டன், பெல்ஜியத்தின் மோல் போன்ற இடங்களிலிருந்து வாராவாரம் வர வேண்டும். ஆறு வாரக் கையிருப்பு என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. டோவரில் இரண்டரை நாள் நின்றால் ஏறத்தாழ பாதி மருந்து பெட்டிக்குள்ளேயே தீர்ந்துவிடும். எனவே விமானத்தில் கொண்டுவருவது என்று முடிவானது. விமானத்தில் கொண்டுவந்தால் காலையில் இறங்கும் நேரம் மாறும். மருத்துவமனைகள் ஸ்கேன் நேரங்களையே மாற்றியமைக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். அந்த அளவுக்கு இறங்கி யோசித்ததால்தான் மருந்துத் துறை மற்றவற்றைவிட நன்றாகத் தயாராக இருந்தது என்பது எங்கள் கணிப்பு. யார் எத்தனை வாரம் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் உட்கார்ந்து எண்ணினார். உணவில் அப்படி எண்ண ஆளில்லை.

சாப்பாடும் வரியும்

2019 ஜனவரி 28 அன்று பிரிட்டனின் பெரிய அங்காடிகளும் உணவகங்களும் எம்.பி.க்களுக்கு ஒரு கூட்டுக் கடிதம் எழுதின. மார்ச்சில் பிரிட்டனில் விற்கும் லெட்டூஸில் 90 சதவீதம், தக்காளியில் 80 சதவீதம், மென்பழங்களில் 70 சதவீதம் ஒன்றியத்திலிருந்து வருவதாக அதில் சொன்னார்கள். விலகலுக்கு முதலில் கெடுவாக இருந்த மார்ச் 29 என்ற தேதி உணவுக்கு வாய்த்த மிக மோசமான தேதி: உள்நாட்டு அறுவடை தொடங்கியிருக்காது, ஸ்பெயின் காய்தான் கதி. கெடு அக்டோபர் 31க்குத் தள்ளிப்போனபோது உள்நாட்டு விளைச்சல் கைகொடுக்கும் என்று நினைத்தால், கிடங்குகள் எல்லாம் கிறிஸ்துமஸ் சரக்கால் நிரம்பியிருக்கும். பட்டினி வரும் என்று விவரம் தெரிந்த எவரும் சொல்லவில்லை. வகை குறையும், விலை ஏறும், அது ஏழைகள் தலையில் விழும் என்பதே அரசின் சொந்த ஆவணமும் சொன்னது.

வரிப் பக்கம் இறக்குமதியும் ஏற்றுமதியும் இரு துருவங்கள். 2019 மார்ச் 13 அன்று அரசு அறிவித்த தற்காலிக வரிப்பட்டியலில், மதிப்பளவில் 87 சதவீத இறக்குமதிக்கு வரியே இல்லை. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பால்பொருள், கார் போன்றவற்றுக்கு மட்டும் வேலி. நுகர்வோருக்கு ஆறுதல்தான். ஆனால் ஏற்றுமதியில் மறுகரை சொல்வதே வரி.

ஆட்டுக்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றுமதி. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒன்றியத்துக்கு. வெளிநாட்டு ஆட்டுக்கு ஒன்றியம் போடும் வரி, முழு உடலாக வந்தால், மதிப்பில் 12.8 சதவீதமும் 100 கிலோவுக்கு 171.3 யூரோவும். இருபது கிலோ ஆடு, கிலோ 5 யூரோ என்று வைத்தால் விலை 100 யூரோ. மதிப்பு வரி 12.80, எடை வரி 34.26, கூட்டினால் 47 யூரோ. பிரெஞ்சுக் கசாப்புக்காரருக்கு 100 யூரோ ஆடு 147 ஆகும். அவர் வாங்க மாட்டார், அல்லது வேல்ஸ் விவசாயி விலையைக் குறைக்க வேண்டும். ஆட்டைச் சேர்த்துவைக்க முடியாது. இந்தக் கணக்குக்கு எந்த முன்கணிப்பு மாதிரியும் வேண்டாம். ஆனாலும் தொலைக்காட்சி விவாதங்களில் இது வந்ததைவிட, பொருளாதாரம் 8 சதவீதம் சுருங்கும் என்று நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி 2018 நவம்பரில் போட்ட ‘இப்படி நடந்தால்’ என்ற கற்பனைக் கணக்கே அதிகம் வந்தது. அது வங்கிகள் தாங்குமா என்று பார்க்கப் போட்ட மிக மோசமான கணக்கு. முன்கணிப்பு அல்ல என்று வங்கி சொன்னதைப் பாதிப்பேர் கேட்கவில்லை.

பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்திலுள்ள அயர்லாந்துக்கும் இடையிலான எல்லை பற்றித் தனிக் கட்டுரையே வேண்டும். சுமார் 500 கிலோமீட்டர் நீளம், 200க்கும் மேற்பட்ட சாலைக் கடப்புகள், வட அயர்லாந்து மோதலை முடித்த 1998 புனித வெள்ளி உடன்படிக்கைக்குப் பின் சோதனைச் சாவடி இல்லாத எல்லை. வட அயர்லாந்தில் கறக்கும் பாலில் கால்பங்குக்கு மேல் தெற்கே போய்ப் பதப்படுத்தப்படுகிறது. சான்றிதழ் இல்லாத பால் ஒன்றியத்துக்குள் போக முடியாது. பசுவோ கறப்பதை நிறுத்தாது. தன் பக்கம் சோதனை வைக்க மாட்டேன் என்று லண்டன் அறிவித்தது, மூன்றாவது கேள்விக்கு முன்னால் எதற்கும் உதவவில்லை.

யெல்லோஹாமர்

2019 ஜனவரி 15 அன்று மேயின் ஒப்பந்தம் 432க்கு 202 என்று தோற்றது. மார்ச்சில் மேலும் இரு முறை. கெடு ஏப்ரல் 12, பிறகு அக்டோபர் 31 என்று நகர்ந்தது. ஆகஸ்ட் 18 அன்று ‘ஆபரேஷன் யெல்லோஹாமர்’ என்ற அரசின் ரகசிய ஆவணம் பத்திரிகைக்குக் கசிந்தது. பழைய ஆவணம் என்று அமைச்சர்கள் சமாளித்தார்கள். நாடாளுமன்றம் கட்டாயப்படுத்தி செப்டம்பர் 11 அன்று வெளியிட வைத்தபோது அதில் ஆகஸ்ட் 2 தேதி இருந்தது. புதிய பிரதமர் போரிஸ் ஜான்சன் பொறுப்பேற்ற பிறகான தேதி.

சில பக்கங்கள்தான். குறுகிய கடற்பாதையில் போகும் லாரிகளில் 50 முதல் 85 சதவீதம் பிரெஞ்சுச் சுங்கத்துக்குத் தயாராக இருக்காது. முதல் நாளிலேயே போக்குவரத்து வழக்கமான அளவில் 40 முதல் 60 சதவீதமாக விழும். லாரிகள் ஒன்றரை முதல் இரண்டரை நாள் காத்திருக்கலாம். மோசமான கட்டம் மூன்று மாதம் நீளலாம். பதினைந்தாவது பத்தி கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தது. எரிபொருள் சுத்திகரிப்பு ஆலைகள் பற்றியது அது என்று பின்னர் தெரிந்தது. தலைப்பு வேறு தகராறானது: கசிந்த பிரதியில் ‘அடிப்படைச் சூழல்’ என்றிருந்ததாகச் செய்தியை எழுதிய நிருபர் சொல்ல, வெளியானதில் ‘நியாயமாக எதிர்பார்க்கத்தக்க மிக மோசமான நிலை’ என்றிருந்தது.

வெளியிட்டால் பீதி பரவும் என்பது மறைத்தவர்களின் வாதம். படித்துப் பார்த்தால், பரவிய வதந்திகளைவிட ஆவணம் நிதானமாகவே இருக்கிறது. ஓராண்டு முன்பே வெளியிட்டிருந்தால் ஈ.ஓ.ஆர்.ஐ எண்ணுக்கு வரிசை நின்றிருக்கும். பதிலாக அந்த இலையுதிர் காலத்தில் 10 கோடி பவுண்டு ஒதுக்கி விளம்பரம் தொடங்கினார்கள். அதனால் மக்கள் பெரிதாகத் தயாராகிவிடவில்லை என்று தணிக்கை அலுவலகம் பின்னர் எழுதியது.

நடந்தது

அக்டோபர் 31ம் கடந்தது. திருத்திய ஒப்பந்தத்தோடு 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் விலகியது. இடைமாற்றக் காலம் அவ்வாண்டு இறுதிவரை. வணிக ஒப்பந்தம் டிசம்பர் 24 அன்று, கெடுவுக்கு ஏழு நாள் முன்பு முடிந்தது. அதற்கு நான்கு நாள் முன்புதான் புதிய கொரோனா திரிபுக்குப் பயந்து பிரான்ஸ் 48 மணி நேரம் எல்லையை மூடியது. ஆயிரக்கணக்கான லாரிகள் மான்ஸ்டன் தளத்திலும் எம்20இலும் நின்றன. ஓட்டுநர்கள் கழிப்பறைகூட இல்லாமல் தவிக்க, சீக்கியத் தொண்டர்கள் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிராக் திட்டத்துக்கு உண்மையான ஒத்திகை அதுதான். காரணம் மட்டும் வேறு.

ஒப்பந்தம் வந்ததால், உள்நாட்டில் உற்பத்தியான பொருளுக்கு வரி விழவில்லை. வேல்ஸ் ஆடு தப்பித்தது, கார் ஆலைகள் 10 சதவீத வரியிலிருந்து தப்பின. ஆனால் தாள் எதுவும் தப்பவில்லை. சுங்க அறிவிப்பு, சுகாதாரச் சான்றிதழ், முத்திரை குத்திய மரப்பலகை எல்லாம் ஒப்பந்தத்தோடும் வந்தன. 2021 ஜனவரியில் ஒன்றியத்துக்கான பிரிட்டனின் சரக்கு ஏற்றுமதி முந்தைய மாதத்தைவிட 40.7 சதவீதம் விழுந்ததாக முதலில் வெளியான புள்ளிவிவரம் சொன்னது. முன்னதாகச் சேர்த்த சரக்கும் கொரோனாவும் அதில் பங்கு உடையவை. பின்னர் பெருமளவு மீண்டது. மீளாதவை சிறு சரக்குகள். ஸ்காட்லாந்து மீனவர்களின் கலப்பு லாரிகள் முதல் வாரங்களில் நின்றே போயின. இரண்டாம் தர நீர்ப்பரப்பில் எடுத்த உயிருள்ள சிப்பியைச் சுத்திகரிக்காமல் ஒன்றியத்துக்கு அனுப்பவே முடியாது என்று தெரிந்தது. நெதர்லாந்து துறைமுகத்தில் ஓட்டுநர்களின் பன்றிக்கறி சாண்ட்விச்சைச் சுங்க அதிகாரிகள் பிடுங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்து ஊர் சிரித்தது. விலங்குப் பொருள் தடை என்றால் தனி ஆளின் மதிய உணவுக்கும் அது தடைதான்.

டோவரில் 27 கிலோமீட்டர் வரிசை அந்த ஜனவரியில் வரவில்லை. முன்சேமிப்பால் லாரிகளே குறைவு. கென்டுக்குள் நுழைய ஒவ்வொரு கனரக லாரிக்கும் 24 மணி நேர அனுமதி, இல்லாவிட்டால் 300 பவுண்டு அபராதம் என்று வைத்ததால் தாள் இல்லாதவர்கள் வழியிலேயே வடிகட்டப்பட்டார்கள். பிரிட்டனும் தன் இறக்குமதிச் சோதனையைத் தொடங்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது. முதல் கேள்விக்கும் இரண்டாவதற்கும் உரிய பதில்கள் வேலை செய்தன; இழப்பெல்லாம் மூன்றாவதில்.

தள்ளிப்போட்ட அந்தச் சோதனை ஒருவழியாக 2024 ஏப்ரல் 30 அன்று, ஆஷ்ஃபோர்டு அருகே செவிங்டனில் கட்டிய நிலையத்தில் தொடங்கியது. நடுத்தர, உயர் ஆபத்துப் பொருளுக்கு வகைக்கு 29 பவுண்டு, ஒரு சரக்குக்கு அதிகபட்சம் 145 பவுண்டு கட்டணம். ஐரோப்பாவிலிருந்து பூவும் பாலாடைக்கட்டியும் கொஞ்சமாக வரவழைக்கும் கடைக்காரருக்கு அது லாபத்தையே தின்றுவிடும் தொகை. சுகாதாரச் சான்றிதழ்களைப் பெரும்பாலும் நீக்கும் ஒரு தனி உடன்பாட்டை நோக்கிப் பேச 2025 மே 19 அன்று லண்டனில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அதற்கு ஈடாகப் பிரிட்டன் அந்தத் துறையில் ஒன்றியத்தின் உணவு விதிகளை, அவை மாற மாற, பின்பற்ற வேண்டியிருக்கும்.